மேசைமேல் ஒரு யானைப்படை

"பாகனை வாலைப் பாத்து உக்கார வெச்சிருக்கியே தங்கச்சி!"

"ஐயோ! பசை காயறதுக்குள்ள பிடுங்கி எடுங்க அண்ணா."

கட்டைவிரல் உயர ஈய யானையின் கழுத்திலிருந்து பாகனைப் பெயர்த்து, முன்பக்கம் பார்க்கத் திருப்பி அழுத்தினார், அவள் கணவரின் சிநேகிதர்.

"அப்படியே விட்டிருக்கலாம். யானை மிரண்டா திரும்பி வந்து நம்ம ஆளைத்தானே மிதிக்கும்? இவன் முன்னாடியே தயாரா உக்காந்துட்டான்" என்றாள்.

சிரித்தார். எதிரே காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

எத்தனையோ வருடங்களாக ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த அறையில் போர்தான். பச்சைத் துணி விரித்த மேசை, அட்டைக் குன்றுகள், நீலக் காகித ஆறு, விரல் நுனியளவு வீரர்கள், படைகளை மோதவிட இரண்டு பகடைகள். ஒரு பக்கம் இவர். எதிர்ப்பக்கம் அவள் கணவர்.

கணவர் கடைசியாக வாங்கிய யானைகள் பெட்டி பிரிக்காமலே, துண்டு துண்டாகக் கிடந்தன. அவர் இறந்த பிறகு, "ஆசைப்பட்டு வாங்கினான். ஒட்டியாவது வெச்சிடறேன்" என்று சிநேகிதர் வாராவாரம் வந்தார். உடம்பின் இரண்டு பாதி, காது, தந்தம், அம்பாரி என்று ஒவ்வொன்றாக அரம் போட்டு ஒட்டினார்கள். இன்று கடைசி யானை.

"நாளைக்கு மாப்பிள்ளை வேன் கொண்டு வராரு அண்ணா. மேசையையும் படையையும் ஏத்திட்டுப் போயிடுவாரு."

"ம்."

"அப்புறம் நீங்களும் இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டீங்க."

"வந்து? சுவரோட சண்டை போடவா?" காதின் பிசிறைத் தேய்த்தார். "உங்க அண்ணி இப்பவே ஞாயித்துக்கிழமைக்கு எனக்கு வேலை தேடறா. பரண் சுத்தம் பண்ணணுமாம்."

அவள் தும்பிக்கையைப் பிடித்துக்கொள்ள, தந்தத்தைப் பொருத்தினார்.

"என்னமா ஆடுவான் தெரியுமா! அரைமணி நேரம் மோவாயைச் சொறிவான். ஒண்ணும் ஓடாது. நான் ஜெயிச்ச மாதிரிதான்னு சாஞ்சு உக்காருவேன். திடீர்னு யானையை ஆத்துப் பக்கம் இறக்கி, என் குதிரைப்படையைத் துவம்சம் பண்ணிடுவான். படுபாவி!"

அவள் விரலில் ஒட்டிய பசையை உரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"அவருக்கு எங்கண்ணா ஆத்துப் பக்கமெல்லாம் தோணும்? காபித் தட்டை நான் எந்தப் பக்கம் வைக்கறேனோ, யானை அந்தப் பக்கம் போகும்."

மறுபடி அரத்தை எடுத்த கை நின்றது.

"இவ்வளவு வருஷமா உங்களை ஏமாத்தியிருக்கோம். கோவிச்சுக்காதீங்க. அந்த நாற்காலியில இனிமே... நான் உக்காரட்டுமா?"

அவர் யானையைத் தூக்கி, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மேசையின் எதிர்ப்பக்கம், அந்தக் காலி நாற்காலிக்கு நேராக நிறுத்தினார்.

"முதல்ல மாப்பிள்ளைக்குப் போன் போட்டு வேன் வேண்டாம்னு சொல்லு."

"கோவம் இல்லையே?"

"எதுக்குக் கோவம்? அவன் வழி தெரியாம முழிக்கறப்பல்லாம் 'தங்கச்சி, இன்னொரு காபி'ன்னு குரல் கொடுத்தது யாரு?" என்று நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "எனக்குக் காபியே ஒத்துக்காது."