வெறுங்காது

ஆவணப்படத்துக்கு ஒலிப்பதிவு செய்ய வந்த தமயந்திக்கு, அந்த மதச் சபை விடுதிப் பிள்ளைகளின் காதுமணியை, காதுக்குள் பேசும் அந்தக் குட்டிக் கருவியை, கண்டாலே பிடிக்கவில்லை. பிறந்த அன்றே மாட்டிவிடுவார்களாம். அதில் சாமி ஓயாமல் பேசுமாம்.

"அம்மாகிட்ட போகணும்னு தோணுதா, கண்ணு?"

ஆறு வயது நிலானி தலையைச் சாய்த்துக் காதுமணி சொல்வதைக் கேட்டுவிட்டு, "இல்ல" என்றாள்.

மைக்கில் இரைச்சல் வருகிறது என்று பொய் சொல்லி, தமயந்தி அந்த மணியைக் கழற்றினாள். மறுபடியும் அதையே கேட்டாள்.

குழந்தை காதைத் தடவிப் பார்த்தது. பிறகு வெறுங்காதைத் தமயந்தியின் வாயருகே கொண்டுவந்தது.

"நீங்க சொல்லுங்கக்கா. அதையே சொல்றேன்."

காமிராவுக்குப் பின்னாலிருந்து இயக்குநர் கிசுகிசுத்தார்: "நல்லதாப் போச்சு. 'ஆமா'ன்னு சொல்லச் சொல்லு. அழுதுகிட்டே."

தமயந்தி குனிந்து அந்தக் காதில் வாயை வைத்தாள்.