தூள் போடாத குடுவை

அழுத்தமானியின் முள் மறுபடியும் இறங்கியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இறங்கவே கூடாத முள் அது; இறங்கினால் வாயு எண்ணெயோடு சேர்கிறது என்று அர்த்தம். குடுவைக்குள் எண்ணெய் இருக்கிறது, ஹைட்ரஜன் வாயு இருக்கிறது. இரண்டையும் சேர்த்துவைக்கும் வினையூக்கியை அவள் போடவே இல்லை. தரகர் இல்லாமல் இந்தக் கல்யாணம் நடக்காது என்று காட்டிவிட்டால் போதும், ஆய்வேடு தேறிவிடும்.

இரும்பு ஹைட்ரைடு என்ற கறுப்புத் தூள்தான் அந்தத் தரகர். நான்கு வருடமாக அதைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறாள்.

தூளைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்று தேர்வாளர் ஒருவர் கேட்டிருந்தார். என்ன ஆகும், அடுப்பே பற்றவைக்காமல் உலை கொதிக்குமா? வேலையற்ற கேள்வி என்று திட்டிக்கொண்டேதான் சோதனையை ஆரம்பித்தாள்.

உலை கொதித்தது.

கசிவாக இருக்கும் என்று மூட்டுக்கு மூட்டு சோப்பு நுரை தடவினாள். ஒரு குமிழ்கூட வரவில்லை. குடுவையைத் தேய்தேய் என்று தேய்த்தாள். எண்ணெயை மாற்றினாள். முள் அதன்பாட்டுக்கு இறங்கியது, சனியன்.

மிச்சமிருந்தது கலக்கும் காந்தம் மட்டும்தான். விரல்நுனி அளவில், வெள்ளை உறை போட்டு, குடுவையின் அடியில் சுழலும் துண்டு. அவளுடைய வழிகாட்டியான அக்கா, ராசியானது என்று சொல்லி முதல் நாளே கையில் கொடுத்தது. வேறு காந்தத்தை அவள் தொட்டதே இல்லை.

விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள். உறையின் கீறல்களில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. பல்லேடியமாகத்தான் இருக்கும். ஹைட்ரஜனைக் கண்டால் விடாத உலோகம், அதுவும் ஒரு தரகர்தான். யாரோ எப்போதோ செய்த பழைய வினை, கழுவக் கழுவப் போகாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

புதுக் காந்தம் ஒன்றை எடுத்துப் போட்டாள். கூடவே தன் தூளையும் தாராளமாகப் போட்டாள்.

முள் அசையவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்தும் பார்த்தாள். அசையவில்லை.

ஆத்திரம் தாங்காமல் அக்காவுக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் கொட்டினாள். “ராசியாம் ராசி! உங்க காந்தத்தால என் நாலு வருஷம் மண்ணாப்போச்சுக்கா!”

  

“எனக்கும் அந்தத் தூளுக்குத்தான்டி டாக்டர் பட்டம் குடுத்தாங்க,” என்றாள் அக்கா. “இதே காந்தம்தான்.”