மருமகளின் குரு

அடுப்படியில் அம்பாள் படத்தை வைத்து மருமகள் சாமுண்டீஸ்வரி அம்மன் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“உபதேசம் வாங்காம அம்மன் மந்திரம் சொல்றியே, யார் உனக்கு குரு? இரும்புலியூர்ல நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கும்மா!”

“நீங்கதான் மாமா என் குரு.”

“நானா?”

“தினம் காலையில பூஜை ரூம் கதவைச் சாத்திக்கினு சொல்றீங்களே! டிரான்சிஸ்டர் கணக்கா கணீர்னு இங்க வரைக்கும் கேக்குது. டிகாஷன் போட்டுக்கினே மனப்பாடம் பண்ணிட்டேன்.”

நான் திரும்பிப் பூஜை அறைக் கதவைப் பார்த்தேன்.

தகப்பன் மகன் காதில் ஓதித் தரவேண்டிய மந்திரம் அது. எனக்கு ஓதாமலே அப்பா இறந்துவிட்டார். ஊர் சிரிக்குமே என்று முப்பது வருடமாக அந்த அறையில் சும்மா உட்கார்ந்துவிட்டு வருகிறேன். ஒரு நாள்கூட நான் வாயைத் திறந்ததில்லை.