வாசலில் விட வேண்டியவை

"உன் ஹெசெலிங்க் வம்சத்துல முக்கால்வாசி ஆம்பளைங்க வேற வீட்டுப் பிள்ளைங்க" என்று போன ஞாயிறு டெர்க் சொன்னதும், வில்லமின் பிஸ்கட் டப்பாவை மூடிவிட்டாள்.

"என் வம்சத்தையே இழுக்கிறியா?"

"இழுக்கலம்மா. அது பண்ணையோட பேரு. பண்ணைக்காரியைக் கட்டிக்கிட்டு எவன் வந்தாலும் தன் பேரை வாசல்ல விட்டுட்டு இந்தப் பேரை வாங்கிக்கணும். அத்தனை பேரும் வீட்டோட மாப்பிள்ளைங்க."

"இதையெல்லாம் ஏன் தோண்டுறே?"

"சும்மாதான்" என்றவரின் காது சிவந்திருந்தது.

இந்த ஞாயிறும் சண்டைதான்.

"சேத்துக் கட்டைச் செருப்போட அடுப்பங்கரைக்கு வராதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"வயசாச்சு, மறந்துடுது. இன்னொரு பிஸ்கட் குடேன்."

"ஒரு காப்பிக்கு ஒண்ணுதான்."

டெர்க் பெருமூச்சுடன் தொப்பியை எடுத்தார். மனைவி இறந்ததிலிருந்து எல்லா ஞாயிறும் இப்படித்தான். தனியாக வாழும் பக்கத்துப் பண்ணைக்காரி வில்லமினிடம் காப்பி, திட்டு, பிறகு மூன்று வயல் தாண்டித் தன் காலி வீடு.

அவர் வாசலைத் தாண்டும்போது பின்னால் டப்பா திறக்கும் சத்தம் கேட்டது.

"டெர்க், ரொம்ப வருஷமா கேக்கணும்னு இருக்கேன். அந்தச் செருப்பையும் உன் பேரையும் வாசல்லயே விட்டுட்டு உள்ள வந்துடேன்."