பழைய வீட்டில் படுக்கை

ராத்திரி சாப்பிட்டதும் சென்றாயன் பாயைச் சுருட்டிக்கொண்டு, கீழே இருக்கும் பழைய வீட்டுக்குப் படுக்கப் போய்விடுவார். மகன் கட்டிய புது வீட்டில் அவருக்கென்று வாங்கிய கட்டில் சும்மா கிடந்தது.

“ஏனுங்க, மாமாவுக்கு எம்மேல ஏதாச்சும் கோவமா?” என்று புவனா கணவனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நெஞ்செரிச்சல் என்று மாமனார் சொன்னதும் புவனாதான் மாரமங்கலத்திலிருந்து சேலத்துக்கு அழைத்துப் போனாள். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார்.

“வயித்து அமிலம் மேலேறி உணவுக்குழாயோட உள்தோலைப் புண்ணாக்கியிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல, மாத்திரையில ஆறிடும். மட்டமா மட்டும் படுக்காதீங்க. தலைமாடு உயரமா இருக்கணும்.”

“அதுக்குத்தானுங்க பழைய ஊட்டுக்குப் போறேன். அங்க தரை சரிவுங்க. மேட்டுப்பக்கம் தலை வெச்சா நெஞ்சு எரியறதில்ல” என்றார் சென்றாயன்.

புவனா திரும்பிப் பார்த்தாள். “இத எங்ககிட்டச் சொல்லியிருக்கலாமில்லீங்க மாமா?”

“ஆசையாக் கட்டுன ஊட்ட எப்படிக் கண்ணு குறை சொல்றது?”

வீடு திரும்பியதும் முதல் வேலையாக, மிஞ்சிக் கிடந்த செங்கல்லில் இரண்டை எடுத்துக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் வைத்தாள் புவனா.

“மேஸ்திரிகிட்டச் சண்டை போட்டுத் தரைய மட்டமாப் போட வெச்சதே நாந்தானுங்க மாமா” என்றாள்.