தகுதியுள்ள ஆள்

“எல்லாரும் கேட்டுக்குங்க! டெல்டாவோட ஒரே ஜப்பான் சிங்கம் இன்னைக்குக் கை மாறுது. ஆனா, தகுதியுள்ள ஆளுக்குத்தான்!”

நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில், நெல் காயும் களத்தில் நின்று ராஜராஜன் அறிவித்தான். ‘எல்லாரும்’ என்பது வரி வசூலுக்கு வந்திருந்த ஊர்ப் பொருளாளர் வீரையன் ஒருவர்தான். பின்னால் மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார் தரையோடு தரையாகப் பதுங்கியிருந்தது. வால்பக்கத்து இறக்கையும், பானை வாய் அகலத்துக்கு சைலன்ஸரும் ராஜராஜன் ஆசையாக மாட்டியவை.

“வானதி என்ன சொல்லுது தம்பி?”

“கார் போனாத்தான் அம்மா வீட்டுலேருந்து வருவாளாம். அதுக்காக? ஒருத்தன் மைலேஜ் கேட்டான், துரத்திட்டேன். இன்னொருத்தன் உரமூட்டை ஏத்தலாமான்னான். அவனையும் துரத்திட்டேன்.”

“பொண்டாட்டி வேணாமா?”

“வேணும்ணே.” குரல் கொஞ்சம் இறங்கியது. “அவ இல்லாம வீடு வீடாவே இல்ல. ஆனா சிங்கத்தைக் கண்டவன் கையில குடுக்க முடியுமா?”

வீரையன் தொண்டையைச் செருமினார். “தலைக்கட்டு வரி தம்பி. வீட்டுக்கு ஒரு பங்கு. எதுக்குன்னா...”

“எதுக்குன்னு கேட்டுக் குடுக்கற பரம்பரையாண்ணே நாங்க? ரெண்டு பங்கா பிடிங்க!”

அந்நேரம் ஆற்றுக்கு அக்கரை ஊரிலிருந்து நாகநாதன் கார் வாங்க வந்து சேர்ந்தார். காரைச் சுற்றிப் பார்க்கவில்லை. விலையைக் கேட்டார். பேரமும் பேசவில்லை.

ராஜராஜன் சாவியைத் திருப்பினான். களத்துக் காக்கைகள் ஊரைவிட்டே பறந்தன.

“ராத்திரியில ஆத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேக்குமுங்க!”

“தெரியுமே தம்பி. ஒரு வருஷமா தினம் கேக்கறேன். நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் முழிச்சேதான் கெடப்பேன்.”

ராஜராஜனுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் ஒரு ரசிகர்!

“ஐயா, நீங்கதான் தகுதியுள்ள ஆள்!” என்று சாவியை இரண்டு கையாலும் நீட்டினான். “ஆர்.சி. புக்கை யார் பேருக்கு மாத்தணும்?”

“எதுக்கு? நாளைக்கே காயலான் கடையில உடைக்கக் குடுத்துடறோம்,” என்ற நாகநாதன், வீரையனுக்குக் கண்ணைக் காட்டினார். வீரையன் வசூல் பையை அப்படியே ராஜராஜன் கையில் வைத்தார்.

“ரெண்டு ஊரும் சேந்து போட்ட வரி தம்பி. மனுசன் தூங்கணுமில்ல?”

பையில் எல்லாவற்றுக்கும் மேலாக ராஜராஜனின் இரண்டு பங்கும் இருந்தது.