அட்டைக்கடி

தேயிலை மலையிலிருந்து இறங்கியதும் இருளப்பன் வாசற்படியில் உட்கார்ந்து, நாய் பிளாக்கியின் விரலிடுக்கில் ஒட்டியிருந்த அட்டைகளைப் பிடுங்கி, கடிவாயில் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தடவிவிட்டார். மறுநாள் மழையில் மண் சரிந்து அவரை மூடிவிட்டது.

கருமாதி முடிந்த பிறகும் பிளாக்கி தினமும் அந்தச் சரிவுக்குப் போய்வந்தது. திரும்பும்போது அதன் கடிவாய்களில் புதுச் சுண்ணாம்பு இருந்தது.

“நீயா தடவுன வேலாயி?” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டாள், இருளப்பனின் மனைவி உமாதேவி.

“உன் நாய்கிட்ட எவடி போவா? கையக் கடிச்சு வச்சிரும்லா!”

நாயையும் அவர் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று உமாதேவி பயந்தாள். அதை வீட்டுக்குள் கட்டிப்போட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்துதான், காலையில் மாட்டிய பூட்ஸைக் கழற்றினாள்.

அவள் குதிகாலில் அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தது. அது இன்னும் காயவில்லை.